கண்ணீர்க் கல்லும் நாலு மணிச் சுவரும்

றொட்னி இறந்த நாளிலிருந்து மன்னாரின் தோட்டவெளி ஊரில் கண்ணீர் காய்ந்து கல்லாக விழத் தொடங்கியது. அதே கிழமையில்தான் நீலக்கால் நண்டின் விலையும் ஏறியது. ஊரில் இரண்டைப் பற்றியும் பேசினார்கள். நண்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார்கள். பெற்றோல் வரிசைகள் முடிந்த அடுத்த வருடம் அது. அந்த வரிசைகளில் நின்று பழகிய சனத்துக்கு அதற்குப் பிறகு எது நடந்தாலும் பெரிய அதிசயமாகத் தெரியவில்லை. யாராவது அழுது துடைத்தால், சற்று நேரத்தில் துடைத்த லேஞ்சித்துணியில் குறுணி அரிசி அளவில், மூலை வெட்டி வைத்தது மாதிரி ஒரு வெள்ளைக் கல் இருக்கும். நக்கிப் பார்த்தால் உப்பு. செத்த வீட்டுக்கு லேஞ்சியைக் கைக்குள் கசக்கிக்கொண்டு போகிற வழக்கம் நின்று, உள்ளங்கையில் தட்டையாக விரித்துப் பிடித்துக்கொண்டு போகிற வழக்கம் வந்தது. கழுதைகளுக்கு விஷயம் மனிதர்களுக்கு முந்தியே தெரிந்துவிட்டது. மன்னார்க் கழுதை உப்பென்றால் விடுமா? எந்த வீட்டில் சாவு நடந்தாலும், வாடகைக் கதிரைகள் வந்து இறங்க முதலே இரண்டு கழுதைகள் வேலிப் படலையடியில் வந்து நின்றன.

றொட்னி நண்டு வலை போடுகிறவன். நாற்பது இன்னும் தாண்டவில்லை. ஆவணி மாதத்தில் ஒரு காலை போட்டைக் கரையேற்றிவிட்டு, நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லி மணலில் இருந்தான். பிறகு எழும்பவில்லை. அவன் மனைவி நிறஞ்சலா அந்த நேரம் பட்டணத்துப் பக்கத்தில் நண்டு உடைக்கிற கொம்பனியில், தலைக்கு வலைத்தொப்பியும் கைக்கு உறையுமாக இருந்து ஓட்டிலிருந்து சதை எடுத்துக்கொண்டிருந்தாள். செய்தி வந்ததும் தொப்பியைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கிற காலம். அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கத்தினாள், அவனைத் திட்டினாள், "எழும்புங்கோப்பா, விளையாடாதேங்கோ" என்று தோளைப் பிடித்து உலுப்பினாள். வந்த கண்ணீர் நாடியை எட்ட முன்னமே காற்றில் காய்ந்துபோனது. துடைத்தபோது லேஞ்சியில் மாப்போல ஏதோ ஒட்டியது; கடற்கரை மணலாக்கும் என்று நினைத்தாள்.

வீட்டில் றொட்னியின் தாய் றோசம்மா சாய்மனைக் கதிரையில் அசையாமல் இருந்தார். யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. அவர் கத்தவில்லை, நெஞ்சில் அடிக்கவில்லை. ஒரே ஒரு துளி கண்ணீர் வந்து, கன்னத்து எலும்பில் தங்கி, பொழுதுபடும் வரை அங்கேயே நின்று மெல்ல மெல்லக் காய்ந்து, மடியில் விரித்திருந்த லேஞ்சியில் சத்தம் கேட்கும்படி விழுந்தது. கச்சான் கடலைக் கொட்டை அளவு கல். ஆறு பக்கமும் செதுக்கினது மாதிரி. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் பெட்டிக்குள் கிடந்த றொட்னியை ஒருதரமும் அந்தக் கல்லை இரண்டு தரமும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் பின்னேரம், நாலு மணி வெயில் யன்னல் பலகையில் இருந்த ஆணி ஓட்டைக்குள்ளால் நூல் மாதிரி உள்ளே வந்தது. திருஇருதய ஆண்டவர் படத்தின் முன்னால் சின்ன மேசையில் வைத்திருந்த றோசம்மாவின் கல்லில் அது பட்டது. எதிர்ச் சுவர் முழுக்கப் புள்ளிகள் விழுந்தன. நடுவில் ஒரு பெரிய வெளிச்சம். அதைச் சுற்றி வரிசை வரிசையாக, இழுத்துக் கட்டிய வலையின் முடிச்சுகள் மாதிரி, ஒன்றுக்கொன்று அளவு தப்பாமல் புள்ளிகள். சில பிரகாசம், சில மங்கல். றொட்னியின் தமக்கை அன்ரோனெற் அந்த நேரம் தேத்தண்ணீர்க் கோப்பையோடு உள்ளே வந்தாள். அடுத்த வளவில் இருப்பவள். மாதா சபையில் முக்கியமான ஆள். கோப்பையை நிலத்தில் வைத்தாள், முழங்காலில் விழுந்தாள், சுவரில் விரலை வைத்துச் செபமாலையைத் தொடங்கிவிட்டாள். பிரகாசமான புள்ளிக்குப் பரலோக மந்திரம், மங்கலான புள்ளிக்கு அருள்நிறை மந்திரம். கணக்குப் பத்துப் பத்தாக வரவில்லை. அதற்கெல்லாம் அன்ரோனெற் அசருகிற ஆளா? மிஞ்சிய புள்ளிகளை உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்கு ஒப்புக்கொடுத்தாள்.

செபம் முடிந்த கையோடு, நிறஞ்சலாவின் லேஞ்சியையும் வைத்துப் பார்ப்போம் என்றாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. புருசனுக்காக மனைவி அழுத கண்ணீரில் இன்னும் நாலு புள்ளி கூட விழும் என்றுதான் நினைத்தாள். லேஞ்சியை விரித்து வெயிலில் பிடித்தார்கள். சுவரில் ஒரு புள்ளி கூட விழவில்லை. நடு வெளிச்சத்தைச் சுற்றி வளையங்கள் விழுந்தன. வளையத்துக்கு வெளியே வளையம், அதற்கு வெளியே இன்னொன்று, குளத்தில் கல் எறிந்தது மாதிரி. அன்ரோனெற் விரலை நீட்டியபடி நின்றாள். வைக்க இடமில்லை.

"இதில எங்க தொடங்கி எங்க முடிக்கிறது?" என்று கேட்டாள். "மணியே இல்லையே."

றோசம்மா சுவரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், எழும்பிக் குசினிக்குள் போனார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நிறஞ்சலா பதில் சொல்லியிருப்பாள். குசினிக்குள் போன முதுகுக்கு என்னத்தைச் சொல்வது? அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முதலே செபிக்க முடியாத கண்ணீர் என்று ஊர் முழுக்கக் கதை பரவியது. ஆண்டவர் தாயின் கண்ணீரை ஏற்றுக்கொண்டார், மனைவியின் கண்ணீரைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். இப்படி ஒரு முடிவுக்கு வர வேறு ஊர்க்காரருக்கு ஒரு மாதமாவது எடுத்திருக்கும்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற இன்ஷிரா ரீச்சர் எருக்கலம்பிட்டியிலிருந்து துக்கம் விசாரிக்க வந்தார். அவரை நாலு மணி வரை மறித்து வைத்துப் புள்ளிகளைக் காட்டினார்கள். இது நடக்கவே ஏலாது என்றுதான் அவர் முதலில் சொன்னார். உப்புக்குள் இருக்கிற இடைவெளியை விட வெயிலின் அலை ஆயிரம் மடங்கு பெரிது. இதற்கு ஆஸ்பத்திரியில் எலும்பு பார்க்கிற எக்ஸ்ரே கதிர் வேண்டும் என்றார். சுவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொருதரம் பார்த்தார். பிறகு, நடக்கிறது நடக்கிறதுதான் என்று ஒப்புக்கொண்டு விளக்கம் சொன்னார். உப்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மணிகள் வரிசைக்கு வரிசை, தட்டுக்குத் தட்டு, ஒரே இடைவெளியில் அடுக்கியிருக்கின்றன. உள்ளே போகிற வெளிச்சத்தை ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எறிகிறது. சில திசைகளில் எல்லா அலையும் ஒன்றாக எழும்பும், அங்கே புள்ளி. மற்றத் திசைகளில் ஒன்று எழும்ப இன்னொன்று தாழும், அங்கே இருட்டு. ஆகவே இது கல்லின் படமில்லை. கல்லுக்குள் இருக்கிற அடுக்கைப் பற்றி வெளிச்சம் சொல்கிற சாட்சி. புள்ளிகளின் தூரத்தை அளந்தால், ஒருவரும் உள்ளே போய்ப் பார்க்காமலே அடுக்கின் தூரம் தெரியும். சொல்லிக்கொண்டே அவர் கல்லை ஒரு நெல்லளவு திருப்பினார். சில புள்ளிகள் அணைந்து, வேறு இடத்தில் வேறு புள்ளிகள் பிடித்தன.

"ஐயோ ரீச்சர், செபமாலையின்ர இரண்டாம் மறைபொருளுக்குள்ள கையை வைக்காதேங்கோ!" என்று அன்ரோனெற் பாய்ந்து வந்து கல்லைப் பழைய மாதிரித் திருப்பி வைத்தாள்.

இவ்வளவு பெரிய ஒற்றைக் கல் வருவதென்றால் கண்ணீர் ஆடாமல் அசையாமல் மெல்லக் காய்ந்திருக்க வேண்டும் என்று ரீச்சர் சொன்னதைக் கேட்டு, றோசம்மா பரிசு வாங்கினவர் மாதிரித் தலையை ஆட்டினார். வளையங்களை ஒருவரும் ரீச்சருக்குக் காட்டவில்லை. வெளி ஆளுக்கு வீட்டு மானத்தை விரித்துக் காட்டலாமா? நிறஞ்சலாவின் லேஞ்சி அந்த நேரம் அலுமாரியின் அடித்தட்டில், சீலைகளுக்குக் கீழே கிடந்தது. நிறஞ்சலா ரீச்சருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மப்பு மூடி வெயில் வராத நாட்களில் செபம் தடைப்படக்கூடாது என்று, போட்டுக்குப் பூசி மிஞ்சியிருந்த நீலப் பெயின்றால் அன்ரோனெற் சுவரில் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டு வைத்தாள். கனடாவில் இருக்கிற சொந்தங்களுக்குப் படம் போனது. அவர்கள் ரெலிபோனில் விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிச் செபித்தார்கள். அந்த வருடம் ஊரில் அழுகை ஒரு சபைக்குரிய விஷயமாகிவிட்டது. வங்காலையில் கலியாணம் முடித்துப் போன ஒரு பெண்ணின் கண்ணீர் நல்ல அழகான புள்ளி போட்டது என்று படப்பிடிப்பாளர் அதை அல்பத்தில் சேர்த்தார். வாக்குக் கேட்டு வந்து மேடையில் அழுத ஒருவரின் கண்ணீரில் புள்ளியும் இல்லை, வளையமும் இல்லை. வெறும் பனிப்புகார் மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும் விழுந்தது. ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. கடலில் நின்று அழுத ஆண்களின் கண்ணீரும் வளையம்தான் போட்டது. ஆம்பிளைகளின் கண் அழுது பழகாத கண், அது அப்படித்தான் இருக்கும் என்று அவர்களை விட்டுவிட்டார்கள். நிறஞ்சலாவை மட்டும் விடவில்லை.

அவளுக்கு ஊர் சொன்னது பெரிதாகச் சுடவில்லை. சுட்டது வேறு. சுவர் சொல்வது உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று அவளே யோசிக்கத் தொடங்கிவிட்டாள். பதினாலு வருடம் சேர்ந்து இருந்தவர்கள். பிள்ளை இல்லை, அதற்காக மடு மாதாவிடம் எத்தனை தரம் நடந்து போனார்கள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. போகிற வழியெல்லாம் சண்டை பிடிப்பார்கள். திரும்பி வரும்போது, பிடித்த சண்டையை நினைத்துச் சிரிப்பார்கள். கடலால் வந்து கழற்றின ஈரச் சாரத்தைக் கதிரையில் போடாதேங்கோ என்று அவள் சொல்லாத நாளில்லை, அவன் போடாத நாளுமில்லை. கடற்கரையில் அன்று எதற்காக அழுதேன் என்று நினைத்துப் பார்த்தாள். அவனுக்காக அழுதாள். இனி ஒருவரும் சாரம் போடப் போகாத கதிரைக்காகவும் அழுதாள். தன்னை இப்படி விட்டுவிட்டுப் போன கோபத்துக்கும் அழுதாள். தனக்காகவும் அழுதாள். இத்தனைக்கும் சேர்த்து அழுதால் அது புருசனுக்கு அழுத அழுகையாகுமா? தெரியவில்லை. ஆகவே அழுவதையே நிறுத்திவிட்டாள். கண் கலங்கினால் அண்ணாந்து கூரைத் தகரத்தைப் பார்ப்பாள். இன்னொரு கல் விழுந்து, அதுவும் வளையம் போட்டுவிட்டால் தாங்க அவளுக்குத் தென்பில்லை. கல்லாகிவிட்டாள் என்று அதற்கும் ஊர் பேசியது.

ஆண்டு நினைவு நெருங்கியபோது சேமக்காலையில் றொட்னியின் கல்லறைக்குக் கல் பதிக்கப் பேச்சு வந்தது. பட்டணத்தில் கல் வெட்டுகிற சஜீவன், என்னென்ன பெயர் வர வேண்டும் என்று ரெலிபோன் எடுத்துக் கேட்டான். பிரிவால் துயருறும் தாய், சகோதரி என்று அன்ரோனெற் சொல்லிக்கொடுத்தாள். பக்கத்தில் நின்ற நிறஞ்சலாவின் பக்கம் திரும்பி, "கோவிக்காத நிறஞ்சலா. கல்லில பொய் வெட்டக் கூடாது" என்றாள். நிறஞ்சலா கோபிக்கவில்லை. றோசம்மா ஏதாவது சொல்வார் என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள். றோசம்மா நகத்தில் இருந்த மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிறஞ்சலா உள்ளே போய் அரிசி களைந்தாள். றொட்னியின் கல்லறையில் தன் பெயர் இல்லாவிட்டால், அந்தப் பதினாலு வருடமும் தான் அந்த வீட்டில் யாராக இருந்தாள் என்று அரிசியைக் களைந்துகொண்டே யோசித்தாள்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் றோசம்மா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். படலையைச் சாத்த மறந்துவிட்டார்கள். ஒரு கழுதை, பூசைக்கு வருகிறது மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு முன் விறாந்தையால் ஏறி, நேராகத் திருஇருதய ஆண்டவரின் முன்னால் போய் நின்றது. 'கறுக்' என்று ஒரு சத்தம். நிறஞ்சலா குசினியிலிருந்து ஈர்க்குக்கட்டோடு ஓடி வந்தபோது கழுதை கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தது. இரண்டு அடி போட்டாள். அது போகிற போக்கில் மிச்சத்தையும் மேசையில் துப்பி, நாக்கால் ஒருதரம் தடவிவிட்டுப் போனது. கல் இருந்த இடத்தில் நொருங்கல்தான் கிடந்தது.

றோசம்மா ஈரத்தலையோடு வந்து பார்த்தார். மகன் செத்த அன்று வராத சத்தம் அன்று அவருக்கு வந்தது. "ஐயோ, என்ர பிள்ளை போயிட்டான்! என்ர பிள்ளை போயிட்டான்!" என்று மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து தலையில் அடித்தார். ஒரு வருடமாக அவர் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல் இருக்கும் வரை அவன் முழுதாகப் போகவில்லை. நிறஞ்சலாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நொருங்கலை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எடுத்து, ஒரு சுத்தமான லேஞ்சியில் பரப்பி, அதே இடத்தில் வைத்தாள். வேறு எங்கே வைப்பது? அப்போது நாலு மணி. வெயில் ஆணி ஓட்டைக்குள்ளால் வந்து லேஞ்சியில் பட்டது.

சுவரில் வளையங்கள் விழுந்தன.

றோசம்மாவின் அழுகை அப்படியே நின்றது. முதல் வளையம் கிட்டடி நீலப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு சுற்றியது. இரண்டாவது வளையம் அடுத்த தூரத்துப் புள்ளிகளுக்குள்ளால் போனது. அன்ரோனெற் பெயின்ற் பூசிய புள்ளிகளில் ஒன்று கூட வளையத்துக்கு வெளியே நிற்கவில்லை. நிறஞ்சலா அலுமாரியைத் திறந்து, சீலைகளுக்குக் கீழே கிடந்த தன் லேஞ்சியை எடுத்துக்கொண்டு வந்தாள். மாமியின் லேஞ்சியை எடுத்துவிட்டு அதே இடத்தில் தன்னுடையதை வைத்தாள். சுவரில் ஒன்றும் மாறவில்லை. அதே வளையங்கள், அதே தூரம், அதே நீலப் புள்ளிகளின் மேல்.

றோசம்மா எழும்பிப் போய் விரலால் ஒரு வளையத்தைச் சுற்றி வந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப நான் அழுதது பொய்யோ, பிள்ளை?"

ஒரு வருடத்துக்கான பதில் நிறஞ்சலாவின் வாயில் தயாராக இருந்தது. ஓம் மாமி என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் கிழவியின் முகத்தைப் பார்த்தாள், மனம் வரவில்லை.

"பொய்யில்லை மாமி. அதே உப்புத்தான். அதே அடுக்குத்தான். அண்டைக்கு ரீச்சர் கல்லைத் திருப்பினா, புள்ளியெல்லாம் இடம் மாறினதெல்லோ? இது நொருங்கினதில ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் பாத்துக்கொண்டு கிடக்குது. ஒவ்வொண்டும் தன்ர புள்ளியை ஒவ்வொரு இடத்தில போடுது. எல்லாம் சேந்து வளையமாத் தெரியுது. உள்ளுக்க ஒண்டும் மாறேல்ல மாமி, நொருங்கித்தான்..."

மாமியைத் தேற்றத் தொடங்கிய வசனம் பாதியில் நின்றது. யாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

றோசம்மா சுவரிலிருந்து விரலை எடுத்து அவள் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு நீ எங்க நிண்டு அழுதனீ?"

"கடற்கரையில."

"சோளகத்துக்குள்ளயோ?"

"ஓம் மாமி. சரியான காத்து."

"நான் கேக்கவே இல்லையே, பிள்ளை," என்றார் றோசம்மா. "ஒரு வருசம். ஒருக்கா நான் கேக்கேல்லையே." அவர் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெட்கத்தில் அழுத கண்ணீர். அது எந்த மாதிரிக் காய்ந்தது என்று அன்று அந்த வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை.

அன்ரோனெற் செபமாலையோடு வந்தபோது வளையங்கள் இன்னும் சுவரில் இருந்தன. கழுதைக் கதையைக் கேட்டாள், இரண்டு லேஞ்சிகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள், நீலப் புள்ளிகளை எண்ணினாள். கடைசியில், இதில் எங்கே தொடங்குவது என்றுதான் திரும்பவும் கேட்டாள்.

"எங்க வேணுமெண்டாலும் தொடங்கு," என்றார் றோசம்மா. "அதுக்கு முதல் சஜீவனுக்குக் கோல் எடு. மனைவி நிறஞ்சலா எண்டு முதல் வரியில வெட்டச் சொல்லு. நாங்கள் அதுக்குக் கீழ."

அன்ரோனெற் ரெலிபோனை எடுத்தாள். சஜீவன் கல்லில் எழுத்து இன்னும் தொடங்கவில்லை. தொடங்கியிருந்தால் புதுக் கல் வாங்கியிருப்பேன் என்று அவள் பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். முதலிலிருந்தே நிறஞ்சலாவின் பக்கம் நின்றவள் தான்தான் என்றும் சேர்த்துச் சொன்னாள். ஊரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

திங்கட்கிழமை காலை நிறஞ்சலா வேலைக்குப் போகத் தலைமன்னாரிலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறினாள். யன்னல் பக்கத்தில் இடம் கிடைத்தது. பஸ் ஊரைத் தாண்டவில்லை, கடல் காற்று முகத்தில் அடித்தது, ஒரு காரணமும் இல்லாமல் அழுகை வந்தது. அண்ணாந்து பார்க்க அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஒரு வருடமாக மறித்து வைத்திருந்த அழுகை. விம்மி விம்மி, தோள் குலுங்க, றொட்னி றொட்னி என்று பெயர் சொல்லி அழுதாள். முன் சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்கள் கதையைத் தொடர்ந்தார்கள். காற்றில் கண்ணீர் மாவாகி, பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த பெண்ணின் மடியெல்லாம் வெள்ளையாக விழுந்தது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யன்னலைச் சாத்தட்டோ தங்கச்சி? நல்ல கல்லா வரும்," என்று கேட்டாள்.

"வேண்டாம் அக்கா," என்றாள் நிறஞ்சலா. "திறந்தே இருக்கட்டும்."

அந்தப் பெண் சரி என்று தலையாட்டி, மடியில் விழுந்த உப்பைத் தட்டிவிட்டு, இரண்டு பேருக்கும் ரிக்கற் எடுத்தாள்.